எழுதாத கொள்கை, எழுத்துப் பிசகாத அமல்

சென்னைக்கு உணவுக் கொள்கை என்று ஒன்று இல்லையே என வருத்தப்படுகிறவர்களை அவ்வப்போது சந்திக்கிறேன். படித்தவர்கள், நல்லவர்கள். 2015 அக்டோபரில் இத்தாலியின் மிலான் நகரில் நூறு நகரங்களுக்கு மேல் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. தங்கள் ஊர் மக்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், அது எங்கிருந்து வருகிறது, மிச்சம் எங்கே போகிறது என்பதற்கெல்லாம் நகர நிர்வாகமே முன்னின்று பொறுப்பேற்பது என்று முடிவெடுத்தன. நமக்கு ஒரு பக்கத் தாள்கூட இல்லையே என்பது இவர்கள் கவலை.

இது வீண் பழி. சென்னைக்கு உணவுக் கொள்கை இருக்கிறது. தாளில் இல்லை, அவ்வளவுதான். தாளில் இருந்தால் யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்பான், யாராவது வழக்குப் போடுவான், எதிர்க்கட்சி கிழித்து எறியும். ஆகவே பெரியவர்கள் அதை மனத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் அமல் என்று பார்த்தால் இவ்வளவு கறாராக நடக்கும் கொள்கை வேறு கிடையாது. பத்திரப்பதிவு முத்திரையாலும், குப்பை லாரியாலும், ஜே.சி.பி.யாலும் அது தினமும் நிறைவேறிக்கொண்டிருக்கிறது. பல வருடம் வேடிக்கை பார்த்ததில் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. பிரிவு வாரியாக எழுதித் தருகிறேன். கன்சல்டன்ட் கட்டணம் வேண்டாம்.

பிரிவு 1: நிலம்

"சோறு விளையும் நிலம் என்பது இன்னும் பிளாட் போடப்படாத நிலம் எனப் பொருள்படும்."

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை உண்டு. அங்கே நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஏரி தெரியாது, எதிர்வீட்டு ஏ.சி. பெட்டிதான் தெரியும். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது, டேங்க் பண்ட் ரோடும் இருக்கிறது. லேக் இல்லை, டேங்க் இல்லை, பண்ட் இல்லை. ரோடு மட்டும் இருக்கிறது. கொன்ற ஏரிக்கெல்லாம் பெயர்ப்பலகை நட்டுத் திவசம் கொடுப்பது நம் நகரத்தின் பண்பாடு.

உள்ளே இருந்ததைத் தின்று முடித்தாயிற்று, இனி வெளியே. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஒரே அரசாணையில் ஊர் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அரக்கோணம் வரைக்கும் இப்போது நாம்தான். விழுங்கப்பட்டது பொட்டல் காடு அல்ல. ஏரி, மதகு, கால்வாய், அதற்குக் கீழே நன்செய் என்று தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பூமி. எல்லைக்குள் வந்த கிராமங்களின் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன. அங்கே எத்தனை மூட்டை விளைகிறது, எத்தனை கட்டு கீரை விடிகாலை வண்டியேறி நம் தெருவுக்கு வருகிறது என்று யார் கேட்டார்கள்? கேட்டது மனை விற்கிறவர் மட்டுமே. அவருக்கு மண் வளம் தெரியும்: "கிணறு தோண்டினால் இருபதடியில் தண்ணீர் சார்."

பரந்தூரைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் இரண்டாவது விமான நிலையத்துக்கு அந்த இடம் என்றார்கள். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். வயலும் ஏரியும் கால்வாயும் அதில் அடக்கம். அந்த நிலத்துக்குள் வரும் ஏகனாபுரம் கிராமத்து மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்ப "வேண்டாம்" என்று தீர்மானம் போடுகிறார்கள். பாவம், அவர்களுக்குக் கொள்கை தெரியவில்லை. கிராம சபை என்பது மக்கள் பேசுவதற்கான இடம், கேட்பதற்கு அங்கே ஆள் போடவில்லை.

வயலை எடுத்துக்கொண்டு நம்மை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2013-14இல் மாடித் தோட்டத் திட்டம் வந்தது. மானிய விலையில் பிளாஸ்டிக் பை, தென்னைநார்க் கட்டி, விதைப் பாக்கெட். கெட்ட திட்டம் இல்லை, நானே நாலு வெண்டைக்காய் பறித்தேன். ஆயிரக்கணக்கான ஏக்கர் நன்செயை வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஆறு பை மண் தருவதற்குப் பெயர் நகர்ப்புற வேளாண்மை. அந்தப் பைகளையும் வைக்க மொட்டைமாடிச் சாவியை அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் தர வேண்டும்.

பிரிவு 2: பொறுப்பு

"நகரம் எதைத் தின்கிறது என்பது எல்லாத் துறைக்கும் உரிய விஷயம், ஆகவே எந்தத் துறைக்கும் உரியதன்று."

கோயம்பேடு சந்தை யாருடையது? காய்கறி விற்பதால் வேளாண்மைத் துறை என்பீர்கள். சென்னைக்குள் இருப்பதால் மாநகராட்சி என்பீர்கள். இரண்டும் தவறு. கொத்தவால் சாவடியிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் 1996இல் 295 ஏக்கரில் வைத்த அந்தச் சந்தை, சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் குடையின் கீழ் இருக்கிறது. வயலை மனையாக்க வரைபடம் போடும் அதே அலுவலகம்தான் நம் கத்தரிக்காய்க்கும் காப்பாளர். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று நம் பாட்டிகள் சொன்னது இந்த நிர்வாக ஏற்பாட்டைத்தான்.

மற்றவற்றையும் கேளுங்கள். உழவர் சந்தை வேளாண் விற்பனைத் துறையில். ரேஷன் அரிசி உணவுத் துறையில், அதை அளந்து போடும் கடை பெரும்பாலும் கூட்டுறவுத் துறையில். பால் ஆவினில், மீன் மீன்வளத் துறையில். கலப்படம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறை, தராசு ஏமாற்றினால் தொழிலாளர் துறை. மாநகராட்சியின் கைக்கு எப்போது வரும்? அழுகினால் வரும். உணவு குப்பையாக மாறும் அந்தப் புனிதமான கணத்தில்தான் 200 வார்டுகள் கொண்ட பெருநகர மாநகராட்சி அதைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறது.

பொறுப்பாளர் இல்லாத வீட்டில் என்ன நடக்கும் என்பதை 2020 மே மாதம் காட்டியது. கோயம்பேட்டில் கொரோனா பரவியது, சந்தையை மூடினார்கள். அன்றைக்குத்தான் தெரிந்தது, இத்தனை பெரிய ஊருக்கும் ஒரே தொண்டை என்று. திருமழிசையில் ஒரு திறந்தவெளியில் தகரம் போட்டுச் சந்தை வைத்தார்கள். மழை வந்ததும் வியாபாரியும் முட்டைக்கோசும் ஒரே சேற்றில் நின்றார்கள். ஊரின் நாலு திசையிலும் நாலு மொத்தச் சந்தை வேண்டும் என்ற பாடத்தை இதைவிட அதிகக் கூலி கொடுத்து யாரும் படித்திருக்க முடியாது. செப்டம்பரில் பழைய இடத்தைத் திறந்தோம். பாடத்தைத் திருமழிசைச் சேற்றிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. கோலாரிலும் மதனப்பள்ளியிலும் மழை எப்படி என்பதைப் பொறுத்து மயிலாப்பூரில் ரசம் வைக்கும் ஊர் நம்முடையது. அரசு உடனே விழித்தது. சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி. கோடி வாய்க்கு 82 கடை. கேமரா வந்தது, தட்டில் தக்காளி வைத்துப் படம் எடுத்தார்கள். அடுத்த பருவத்தில் அதே தக்காளியை விலை இல்லாமல் விவசாயி ரோட்டில் கொட்டும்போது ஒரு துறையும் குறுக்கே வராது. விலை ஏறினால் அது நெருக்கடி. விவசாயி விழுந்தால் அது சந்தை நிலவரம்.

பிரிவு 3: மிச்சம்

"அழுகும் வரை பொறுத்திருந்து, அழுகிய பின் லாரியில் ஏற்றுவது மேலாண்மை எனப்படும்."

சென்னையில் ஒரு நாள் குப்பை ஐயாயிரம் டன்னுக்கு மேல். அதில் பெரும்பங்கு ஈரக்குப்பை: கோயம்பேட்டில் மிதிபட்ட முட்டைக்கோஸ் இலை, கல்யாண மண்டபத்தில் கை படாத பாயசம், நம் வீட்டு ஃப்ரிட்ஜில் மூன்று வாரம் உறைந்திருந்து முக்தியடைந்த குழம்பு. எல்லாம் தெற்கே பெருங்குடிக்கும் வடக்கே கொடுங்கையூருக்கும் போய் மலையாகிறது. பெருங்குடி மேடு எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தளம் என்று அறிவிக்கப்பட்ட அதே சதுப்பு நிலம். பூநாரை ஒரு பக்கம், நாம் தின்று எறிந்த பரோட்டா மறுபக்கம். விருந்தினரை வரவேற்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

கோயம்பேட்டுக் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரிக்க நாளைக்கு 30 டன் கொள்ளும் ஆலை ஒன்றை இரண்டாயிரங்களின் நடுவில் கட்டினார்கள். சந்தையில் சேரும் கழிவோ நூறு டன்னுக்கு மேல். சரி, அதில் ஒரு பங்காவது என்று மகிழ்ந்தோம். அதுவும் பல வருடம் ஓடாமல் கிடந்தது. திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் ஒரு நாளும் பழுதாவதில்லை.

இப்போது கொடுங்கையூரில் எரியுலை வைக்கப் போகிறோம் என்கிறார்கள். வாழைத்தண்டையும் பூசணிக்காயையும் எரித்து மின்சாரம் எடுப்பது! ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெரிந்த எந்தப் பாட்டியிடமும் கேட்டிருக்கலாம். மக்கிப்போனால் எருவாகி, திருவள்ளூர் வயலுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டியது அது. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே கொடுப்பதற்குக் கொள்கையில் இடமில்லை. வடசென்னைக்காரனின் நுரையீரலுக்குக் கொடுக்க இடமிருக்கிறது. அந்த மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலி நின்றார்கள். தென்சென்னை அதைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு அடுத்த பிரியாணிக்கு ஆர்டர் போட்டது.

பிரிவு 4: தெரு

"கூடை ஆக்கிரமிப்பு, பைக் போக்குவரத்து."

கீரை ஆயாவை நீங்கள் அறிவீர்கள். எல்லாத் தெரு முனையிலும் இருக்கிறார். காலையில் தண்டல்காரனிடம் வாங்கிய பணத்தில் கீரை எடுத்து, சாயங்காலத்துக்குள் விற்று, வட்டியோடு திருப்ப வேண்டும். அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி. நேற்று மாலை வரை மண்ணில் இருந்தது. இந்த ஊரில் உண்மையான 'உள்ளூர் உணவு' என்று ஒன்று இருந்தால் அது அவர் சாக்குக்கு அடியில்தான் இருக்கிறது.

"எவ்ளோ ஆயா?"

"கட்டு இருபது ரூபா, ராஜா."

"பத்துக்குக் குடு."

இதைக் கேட்கிறவர் நேராக ஷாப்பிங் மாலுக்குப் போய், 'ஆர்கானிக்' என்று ஒட்டிய அதே கீரையை எண்பது ரூபாய்க்கு வாயைத் திறக்காமல் வாங்குவார். அது வேறு கதை. நான் சொல்ல வந்தது சட்டத்தின் கதை.

2014இல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க ஒரு சட்டம் போட்டது. அழகான சட்டம். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் முப்பது நாள் நோட்டீஸ். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளே, அதிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பறிமுதல் செய்த சரக்கு அழுகும் பொருளாக இருந்தால், உரியவர் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். அன்றைக்கே! சட்டம் எழுதியவருக்கு முருங்கைக்கீரை எவ்வளவு நேரத்தில் வாடும் என்று தெரிந்திருக்கிறது. வண்டியில் வந்து கூடையைக் கவிழ்க்கிறவருக்குத் தெரியவில்லை. பிடுங்கிய கீரைக்கு ரசீது கேட்கும் ஆயா எந்த ஊரில் இருக்கிறார்? கேட்டால் அடுத்த நாள் அந்த இடமும் இருக்காது.

நடைபாதை நடப்பவர்களுக்கு என்கிறார்கள். நியாயம். அப்படியானால் அதே நடைபாதையில், பத்து நிமிடத்தில் மளிகை தருவதாகச் சத்தியம் செய்த கிடங்கின் வாசலில், இருபது பைக் நிற்கிறதே, அது எதன் மீது நிற்கிறது? ஆகாயத்தின் மீதா? அந்தப் பைக்கில் வெயிலில் வேகும் பையனைக் குற்றம் சொல்லவில்லை. அவனும் ஆயாவின் பேரன்தான். கூடைக்கு இரண்டடி கொடுக்க மனம் வராத நகரம், கிடங்குக்கு முழு வீதியையும் விரித்துக் கொடுக்கிறதே, அந்தத் தாராளத்தைத்தான் கேட்கிறேன்.

பிரிவு 5: மீன்

"கடலோரத்தில் மீன் விற்பது பொதுமக்களுக்கு இடையூறு."

நொச்சிக்குப்பத்துக்காரர்கள் மெரினாவுக்குப் பெயர் வைக்கும் முன்பிருந்து அங்கே வலை காய வைத்தவர்கள். குப்பத்தின் ஊடே பிறகு லூப் ரோடு வந்தது. சாலை வந்தது வளர்ச்சி. சாலையோரம் மீன் கூடை இருந்தது நெரிசல். 2023 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, மாநகராட்சி கடைகளை அகற்றியது, மீனவர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். கடலிலிருந்து ஐம்பது கெஜத்தில் மீன் விற்பவர் ஆக்கிரமிப்பாளர். பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்து காரில் வருபவர் பொதுமக்கள்.

போராடிய பிறகு, 2024 ஆகஸ்டில், ஏறக்குறைய பதினைந்து கோடி ரூபாயில் 366 கடை கொண்ட அங்காடி திறந்தார்கள். நல்லது. கட்டடத்தை முதலில் கட்டிவிட்டு அப்புறம் கூடையை எடுக்கச் சொல்லியிருந்தால் யார் வயிறும் எரிந்திருக்காது. ஆனால் முதலில் அடி, பிறகு தைலம் என்பதே கொள்கையின் உயிர்நாடி.

எண்ணூர்க்காரருக்குத் தைலம் போதவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலையாற்றில் படிந்தது. படகு கறுத்தது, வலை கறுத்தது, இறால் செத்தது. ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல் அந்தக் கழிமுகத்தில். சாம்பலும் எண்ணெயும் கலந்தாயிற்று, உப்பு கடலிலேயே இருக்கிறது. மீன்குழம்புக்குப் புளி மட்டும்தான் பாக்கி.

பிரிவு 6: ஏழைக்குச் சோறு

"உணவின் ஆயுள் ஆட்சியின் ஆயுளுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும்."

1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்கலாம். அற்புதமான ஏற்பாடு. 2001இல் ஆட்சி மாறியது, சந்தைகள் சோர்ந்தன. 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகம். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். நடத்தியது மாநகராட்சி, சமைத்தது மகளிர் சுய உதவிக் குழு. மூட்டை தூக்குகிறவரும், மருத்துவமனைக்குத் துணைக்கு வந்தவரும், அறை வாடகை போக மிச்சமில்லாத மாணவனும் தலை நிமிர்ந்து சாப்பிட்ட இடம். 2021 மே மாதம் ஆட்சி மாற்றம் உறுதியானதும் முகப்பேரில் சிலர் அதற்குள் புகுந்து பலகையைக் கிழித்தார்கள். அவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது புதிய தலைமை. அந்த அளவுக்கு நன்றி. ஆனால் அவர்களுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? ஒரு ரூபாய் இட்லிக்குப் பத்தடியில் படம் மாட்டிய நாளிலேயே வந்துவிட்டது. சோற்றுக்குக் கட்சி உறுப்பினர் அட்டை போட்டது ஒருவர், அதைப் பறித்தது இன்னொருவர். நடுவில் தட்டோடு நின்றவனை இருவருமே பார்க்கவில்லை.

பிரிவு 7: வெளிநாட்டுப் பயணம்

"முன்மாதிரி நகரங்களுக்குப் போய் வரலாம், எதையும் கொண்டுவரக் கூடாது."

பிரேசிலில் பெலோ ஒரிசோன்டே என்று ஒரு நகரம். 1993இல் அதன் மேயர் பத்ரூஸ் அனனியாஸ், உணவு குடிமகனின் உரிமை என்று அறிவித்து, அதற்கென்றே நகராட்சியில் தனித்துறை வைத்தார். மலிவு விலை மக்கள் உணவகம், சுற்றுவட்டார விவசாயிக்கு ஊருக்குள் நேரடியாக விற்க இடம், பள்ளிக்கூடச் சாப்பாடு எல்லாம் ஒரே கூரையின் கீழ். செலவு நகர பட்ஜெட்டில் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. மேயர்கள் மாறினார்கள், சோறு மாறவில்லை. ஏனென்றால் அங்கே மாட்டியது நகரத்தின் பலகை. மிலான் 2019 முதல் பேட்டைக்குப் பேட்டை மையம் வைத்து, கடைகளில் மிஞ்சும் உணவை அழுகும் முன் எடுத்துப் பசித்தவருக்குக் கொடுக்கிறது. 2021இல் அதற்கு எர்த்ஷாட் என்ற சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. அழுகிய பின் வரும் லாரியை ஆறு மணி நேரம் முன்னால் அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் நடக்கும், நம் ஊரில் முடியுமா என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று.

1920 செப்டம்பர் 16. சென்னை மாநகராட்சி மன்றம், பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு தர ஒப்புதல் கொடுத்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. டெல்லி சொல்லவில்லை, உலக வங்கி கடன் தரவில்லை, கன்சல்டன்ட் பவர்பாயின்ட் காட்டவில்லை. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று ஒரு நகரத்துக்குத் தெரிந்தது, ஓரணாவை எடுத்து வைத்தது. 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவு என்று இன்று நாம் மார்தட்டுவதற்கெல்லாம் விதை அந்த ஓரணா. பிறகு வெள்ளைக்கார அரசாங்கம் கல்வி நிதியில் சோறு போடக் கூடாது என்று சொல்ல, 1925 ஏப்ரல் முதல் தேதி அது நின்றது. அதே மாதம் 28ஆம் தேதி தியாகராயரும் மறைந்தார்.

அவருக்கு நகரம் நன்றி செலுத்தியது. அந்த வருடங்களில்தான் மயிலாப்பூரிலிருந்து நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்ற வைத்து, மனை பிரித்து, ஒரு புது நகர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். சோறு போட்டவரின் பெயரைச் சோறு போட்ட ஏரியின் சமாதி மேல் எழுதினார்கள். என் கொள்கைப் பிரதிக்கு இதைவிடப் பொருத்தமான முத்திரை கிடைக்காது.

தியாகராய நகரில் இன்று தங்கம் கிடைக்கும், பட்டு கிடைக்கும், ஏழு மாடி ஏறினால் எல்லாம் கிடைக்கும். கீரை வேண்டுமானால் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் போங்கள். வண்டி வருகிறதா என்று ஒரு கண்ணைத் தெருவிலும் மற்றொன்றைச் சாக்கிலும் வைத்தபடி ஓர் ஆயா உட்கார்ந்திருப்பார். இந்த நகரத்துக்கு மிச்சமிருக்கும் உணவுத் துறை அவர் ஒருவர்தான்.

கட்டு இருபது ரூபாய் என்பார். பத்துக்குக் கேட்காதீர்கள்.